18 அடி ஃபைபர் போட்டில் ஐஸ் பெட்டி கட்டுவது: மிதப்பை வெட்டாமல் இடம் எடுக்கிற வழி

முகத்துவாரத்திலோ காக்கைதீவிலோ 18 அடி ஃபைபர் போட் வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் இடம் போதாது என்றுதான் சொல்வார்கள். வலை ஒரு பக்கம், எண்ணெய்க் கேன் ஒரு பக்கம், நடுவில் மூலை உடைந்த ரிஜிஃபோம் பெட்டி, அதற்கு மேல் சோற்றுப் பார்சல், இவ்வளவுக்கும் நடுவே கால் வைக்க இடம் தேடுகிற மூன்று பேர். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லிட்டர் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாய்க்கு ஏறிய பிறகு இந்தப் பேச்சு இன்னும் கூடிவிட்டது. எண்ணெய் அந்த விலைக்குப் போனால், பிடித்த மீனைக் கண் மங்காமல் பேலியகொடை மீன் சந்தைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தால்தான் காசு, இல்லாவிட்டால் எண்ணெய்க் கடனே மிச்சம்.

இடம் தேடுகிறவர்களின் கண் முதலில் போவது போட்டின் முன்பக்கமான அணியத்தில் மூடிக் கிடக்கிற அறைமேல்தான். சும்மாதானே கிடக்கிறது, வெட்டித் திறந்து கதவு போட்டால் வலையே வைக்கலாமே என்று தோன்றும். குறுக்குப் பலகைகளுக்குக் கீழே அடைத்திருக்கிற ஃபோமும் அப்படித்தான் தெரியும். எங்கள் போட்டிலும் நாங்கள் அதைத்தான் செய்தோம். வேலை செய்து தந்த இடத்தில் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை. சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று தொடங்குகிற காலத்தில் களனி ஆறு கடலில் விழுகிற வாயைக் கடந்தவர்களுக்குத் தெரியும், மழைத் தண்ணீரோடு ஆறு வெளியே தள்ளும், கடல் உள்ளே தள்ளும், அலை அந்த இடத்தில் குத்திட்டு எழும்பும். அப்படி எழும்பின ஒன்று பின்னாலிருந்து எஞ்சினுக்கு மேலாக ஏறி உள்ளே விழுந்தது. அடுத்தது விழுந்தபோது இறைக்கிற வாளி என் கையில் இருந்தது, போட் காலுக்குக் கீழே இல்லை. நானும் மாமாவும் ஆளுக்கொரு வெறும் எண்ணெய்க் கேனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கிடந்தோம், பின்னால் வந்த போட்காரர்கள் தூக்கி எடுத்தார்கள். அந்த அறை மூடியபடி இருந்திருந்தால் அணியமாவது தண்ணீருக்கு மேலே நின்றிருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கலாம்.

மர வள்ளம் நிறைந்தாலும் மரம் மிதக்கும். ஃபைபர் அப்படியில்லை, அது தண்ணீரைவிடப் பாரம். எஞ்சின் வேறு 40, 50 கிலோ இருக்கும். போட் நிறைந்த பிறகு அதைத் தூக்கிப் பிடிப்பது அந்த மூடின அறைகளும் ஃபோமும் மட்டும்தான், ஒரு லிட்டர் காற்றுக்கு ஒரு கிலோ என்று கணக்கு. ஆகவே இங்கே நான் சொல்லப்போகிற வேலையில் அந்த அறைகளில் ஒரு அங்குலமும் வெட்டுவதில்லை. நடுவில் ஒரு பெட்டியைக் கட்டி, அதன் சுவரைத் தடிப்பாக்கி, அந்தச் சுவரையே இன்னொரு மிதப்பாக மாற்றப் போகிறோம்.

வேலை தொடங்க முன்னர் இருக்கிற மிதப்பு நல்லாயிருக்கிறதா என்று பாருங்கள். போட்டைக் கரையில் ஏற்றி, அறைச் சுவரைக் கைமுட்டியால் மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டு வாருங்கள். மேலே வெறும் பானைபோலக் கேட்டு, கீழே வந்ததும் 'தொப்' என்று அடங்கினால் உள்ளே தண்ணீர். சுவரின் கீழ்மூலையில் 6 மில்லிமீற்றர் துளை ஒன்று போட்டு வடிய விடுங்கள். பத்து வருடப் பழைய போட்டென்றால் ஒரு வாளித் தண்ணீர் வந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள். வடிந்து காய்ந்த பிறகு, எங்கே வெடித்து உள்ளே இறங்கியது என்று தேடி அடைத்துவிட்டு, துளையையும் மேட் (கண்ணாடி நார் விரிப்பு) வைத்து மூடுங்கள். தண்ணீர் குடித்த ஃபோமைப் பிழிந்து காயவைத்துப் பிரயோசனமில்லை, எடுத்து எறிந்துவிட்டுப் புதிது போடவேண்டும்.

அடுத்தது தண்ணீர்க் கேன் சோதனை. இதற்கு ஒரு பின்னேரம் போதும், காசும் இல்லை, ஆனால் இதைச் செய்கிறவர்கள் குறைவு. பெட்டிக்கு நான் எடுத்த உள்ளளவு 90 சென்ரிமீற்றர் அகலம், 60 நீளம், 50 ஆழம். பெருக்கினால் 270 லிட்டர். மீனும் ஐஸும் எவ்வளவு பாரம் என்று நுணுக்கமாகப் பார்க்கத் தேவையில்லை, தண்ணீர் நிறைந்ததாகவே வைத்து 270 கிலோ என்று எடுங்கள். பெட்டியின் பாரம் இன்னொரு 60. ஆக 330 கிலோ, 20 லிட்டர்க் கேன் என்றால் 17. துறைமுகத்துக்குள் அலையில்லாத இடத்தில் போட்டைக் கட்டி, எஞ்சின், எண்ணெய், வலை, ஆட்கள் எல்லாம் வழக்கம்போல இருக்க, பெட்டி வரப்போகிற இடத்தில் நிறைந்த கேன்களை அடுக்குங்கள். பிறகு வெளியே இன்னொரு போட்டில் போய் நின்று பாருங்கள். பக்க விளிம்பின் ஆகப் பதிந்த இடம் தண்ணீரிலிருந்து ஒரு முழமாவது மேலே நிற்கவேண்டும், எஞ்சின் மாட்டியிருக்கிற வெட்டில் ஒரு சாணாவது மிஞ்சவேண்டும். இது என் அளவு, நான் இதற்குக் கீழே போகமாட்டேன். அப்புறம் எல்லோரையும் ஒரே பக்கத்துக்கு வரச்சொல்லிப் பாருங்கள், வலை இழுக்கிறபோது அதுதானே நடக்கிறது.

பின்பக்கம் பதிந்தால் கேன்களை அணியப் பக்கமாக ஒரு சாண் நகர்த்துங்கள். அணியம் பதிந்து மூக்குக் குத்தினால் பின்னுக்கு எடுங்கள். எங்கள் போட்டில் நடுவிலிருந்து கொஞ்சம் முன்னாலே சரியாக வந்தது, எஞ்சினும் அதைப் பிடிக்கிற ஆளும் பின்னால் இருப்பதால் அநேகமான 18 அடிக்கு அப்படித்தான் வரும். எந்த இடத்தில் வைத்தாலும் விளிம்பு போதிய உயரம் நிற்கவில்லை என்றால் பெட்டியைச் சின்னதாக்குங்கள். சமநிலை வந்த இடத்தை மார்க்கர் பேனாவால் இரண்டு பக்கமும் கோடு போட்டு வையுங்கள்.

சுவர்த் தடிப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் எல்லோரும் மிச்சம் பிடிக்கிற இடம் இதுதான். 30 பாகைச் சூட்டில் இருக்கிற 10 கிலோ மீனை 0 பாகைக்கு இறக்க 3 கிலோ ஐஸுக்குச் சற்று மேலே போதும். அப்படியானால் மீனுக்குச் சரிக்குச் சரி ஐஸ் ஏன் கொண்டுபோகிறோம்? மிச்சம் முழுக்க உருகிப்போவது வெளிச்சூடு சுவர் வழியாக உள்ளே வருவதால். ரிஜிஃபோம் பெட்டியின் ஒரு அங்குலச் சுவரும், சரியாக மூடாத மூடியும், மத்தியானத்துக்குள் நிறைய ஐஸைத் தண்ணீராக்கிவிடும். சுவர் 75 மில்லிமீற்றர் பொலியூரித்தேன் ஃபோம் என்றால் கொண்டுபோகிற ஐஸைக் குறைக்கலாம், குறைத்த ஐஸின் இடம் மீனுக்கு வரும். பெட்டியை வெளியே பெரிதாக்காமலே உள்ளே இடம் கூடுவது இப்படித்தான். இன்னும் ஒன்று. மேலே சொன்ன அளவுக்கு நான்கு சுவரிலும் அடியிலும் 75 மில்லிமீற்றர் போட்டால் ஃபோம் மட்டும் 180 லிட்டருக்கு மேல் வருகிறது. மரம், ஃபைபர் பாரமெல்லாம் கழித்தாலும், போட் நிறைந்தால் 150 கிலோவுக்கு மேல் தூக்கிப் பிடிக்கிற மிதப்பு அது. எங்களுக்கு அன்றைக்கு இல்லாமல் போனது அதுதான்.

சரி, கட்டுவதற்கு வருவோம். காலம் முக்கியம். கொழும்பில் மேயும் யூனும் மழை கொட்டும், மேட்டை ஒட்டி இறுக்குகிற ரெசினுக்கு ஈரம் ஆகாது. ஆடி மாதம் கடல் இன்னும் முரடாக இருக்கும், மழை கொஞ்சம் விட்டிருக்கும், போட்டும் கரையில் கிடக்கும், அதுதான் தோது. தார்ப்பாயை உயர்த்திக் கட்டி, காற்றுப் போகிறமாதிரி விட்டு, காலை ஒன்பது மணிக்குப் பிறகு பனி ஈரம் காய்ந்ததும் தொடங்குங்கள்.

சாமான்களுக்குப் பழைய சோனகத் தெருப் பக்கம் போனால் பலகை, ஆணி, பிணைச்சல் எல்லாம் ஒரே நடையில் வாங்கலாம். பெட்டியின் உள்ளுக்கு 6 மில்லிமீற்றர் மரைன் பிளைவுட், வெளிக்கு 9. சதுர மீற்றருக்கு 450 கிராம் வருகிற மேட் ஏழெட்டுக் கிலோ, ரெசின் 20 கிலோ, அதை இறுக வைக்கிற ஹார்ட்னர், அசிட்டோன், ஓரங்களை உருட்ட டல்க் பவுடர். திருகாணி ஸ்டெயின்லெஸ் ஆக இருக்கட்டும், இரும்பு ஒரு வருடம் தாங்காது.

இங்கே இரண்டு எச்சரிக்கை. ரெசினோடு, இறுகுவதை வேகப்படுத்துகிற கோபால்ட்டைத் தனியாகத் தந்தால் அதையும் ஹார்ட்னரையும் நேரே ஒன்றோடொன்று கலந்துவிடாதீர்கள், வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் போட்டு நன்றாகக் கலக்கி முடித்த பிறகே ஹார்ட்னர். ஹார்ட்னர் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம், கண்ணாடி போடாமல் போத்தலைத் திறக்காதீர்கள், பட்டுவிட்டால் உடனே நிறையத் தண்ணீரால் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மற்றது, பொலியஸ்டர் ரெசினை ரிஜிஃபோமில் பூசாதீர்கள். முதல் தடவை பழைய ரிஜிஃபோம் பெட்டியை உடைத்து இடையில் வைத்து அதன்மேல் நேரே மேட் போட்டேன். தூரிகை பட்ட இடம் சுருங்கிக் குழிந்து, சுடுதண்ணீரில் விழுந்த சீனிக்கட்டிபோல உள்ளுக்குள்ளே கரைந்து போனது. மேலே இறுகினது ஓடு மட்டும், தட்டினால் வெறும் கூடு. ஃபைபர் பாஸ் வந்து பார்த்துவிட்டு, "தம்பி, இதுக்குப் பொலியூரித்தேன்தான் சரி, இது ரெசினைக் கண்டாலே ஓடிரும்" என்று சொன்னபோது ஒரு நாள் வேலையும் மூன்று கிலோ ரெசினும் போயிருந்தது.

போட்டின் அடி சமதளம் இல்லை, நடுவில் அடித்தண்டான ஏராப் பக்கம் இறங்கி இரண்டு பக்கமும் ஏறும். அதனால் பெட்டியின் வெளிப் பலகைகளை அந்த வளைவுக்கு வெட்டவேண்டும். காட்போட் மட்டையை வெட்டி வெட்டி வைத்துப் பார்த்து அச்சு எடுத்த பிறகு பலகையில் கை வையுங்கள். பலகை விளிம்பு நேரே போட்டின் அடியில் முட்டக் கூடாது. அலையில் அடி அதிரும்போது முட்டுகிற அந்தக் கோட்டில்தான் வெடிப்பு விழும். ஒரு விரல் இடைவெளி விட்டு அதில் மெல்லிய ஃபோம் பட்டி வைத்து அதன்மேல் பலகையை நிறுத்துங்கள். ஒட்டப்போகிற இடத்தில் பெயின்ற், ஜெல்கோட் என்கிற வெளிப் பளபளப்புப் பூச்சு எல்லாம் போய்ப் பழைய ஃபைபர் வெள்ளையாகத் தெரியும்வரை 40 நம்பர் கடதாசியால் உரஞ்சுங்கள். பளபளப்பு மிஞ்சின இடத்தில் ரெசின் பிடிக்காது, இன்றைக்கு இறுகினதுபோல் இருக்கும், ஆறு மாதத்தில் தோல்போல உரிந்து வரும். உரஞ்சிய பிறகு அசிட்டோன் தொட்ட துணியால் துடைத்து, துடைத்த இடத்தைக் கையால் தொடாமல் விடுங்கள்.

ரெசினை அரைக் கிலோ அரைக் கிலோவாகக் கலக்குங்கள். கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிலிட்டர் ஹார்ட்னர், எங்கள் சூட்டுக்கு அது தாராளம். கூட ஊற்றினால் வாளியிலேயே கொதித்துக் கட்டியாகிப் பிளந்து போகும். டல்க் பவுடரைச் சேர்த்துப் பசையாக்கி, பலகையும் அடியும் சந்திக்கிற மூலையில் ஒரு கரண்டி முதுகால் உருட்டி வளைவாக்குங்கள், கூர்மூலையில் மேட் உட்காராது, உள்ளே காற்று நிற்கும். அதன்மேல் மூன்று பட்டி மேட், முதல் பட்டி 10 சென்ரிமீற்றர், அடுத்தது 15, அடுத்தது 20. ஒவ்வொன்றையும் உருளையால் ஓட்டி வெள்ளைத் திட்டு இல்லாமல் ஆக்குங்கள், வெள்ளை தெரிந்தால் அங்கே காற்று. போட்டின் அடியில் துளை போட்டுப் போல்ட் இறுக்குகிற யோசனையே வேண்டாம், இந்தப் பட்டிகள் போதும்.

வெளிப் பெட்டி நின்ற பிறகு, உள்ளும் புறமும் மேட் போட்ட உள் பெட்டியை நான்கு ஃபோம் துண்டுகளின்மேல் இறக்கி, எல்லாப் பக்கமும் 75 மில்லிமீற்றர் வருகிறதா என்று அளந்து, இடைவெளியில் இரண்டு திரவத்தையும் கலந்து ஊற்றுகிற பொலியூரித்தேன் ஃபோமை விடுங்கள். இது பல மடங்காகப் பொங்கும். முழுவதையும் ஒரே தடவையில் விட்டால் பலகை வயிறு வைத்துவிடும், மூன்று நான்கு தடவையாக, முதல் விட்டது பொங்கி அடங்கிய பிறகு அடுத்ததை விடுங்கள். உள் பெட்டிக்குள் குறுக்குச் சட்டம் கொடுத்து வைத்தால் இன்னும் நல்லது. இதன் புகை நெஞ்சுக்குக் கூடாது. சாதாரணத் துணி மாஸ்க் போதாது, இரசாயனப் புகைக்குரிய வடிகட்டி உள்ளதைப் போட்டுக்கொண்டு புகை உங்கள்மேல் வராதபடி காற்று வருகிற பக்கமாக நில்லுங்கள். பொங்கி மேலே வந்ததை வாளால் சமமாக அறுத்து, விளிம்பை மேட்டால் முழுவதும் மூடுங்கள். ஃபோம் எங்கேயும் வெளியே தெரியக் கூடாது, தெரிந்த இடத்தால் தண்ணீர் இறங்கினால் குளிரும் போகும், மிதப்பும் போகும்.

உள்ளே கடைசிப் பூச்சு மெழுகு சேர்த்த ரெசினாக இருக்கட்டும், அப்போதுதான் மேல் ஒட்டாமல் காயும், மீன் இரத்தமும் செதிலும் கழுவினால் போகும். காய்ந்ததும் மீன் போட அவசரப்படாதீர்கள். பத்து நாளாவது மூடியைத் திறந்து வெயிலில் விட்டு, சுடுதண்ணீரும் சவர்க்காரமும் போட்டு மூன்று நான்கு தடவை கழுவுங்கள். ரெசின் மணம் மீனில் ஏறும், அந்த மணத்தோடு போன அறக்குளாவை எந்த முதலாளியும் நல்ல விலைக்கு எடுக்கமாட்டார்.

ஐஸ் உருகின தண்ணீர் பெட்டிக்குள் தேங்கக் கூடாது. மீன் அதில் ஊறினால் நிறம் வெளுக்கும், அதோடு போட் ஆடும்போது தண்ணீர் ஒரு பக்கமாக ஓடிச் சேர்ந்து ஆட்டத்தைக் கூட்டும். ஆகவே பெட்டியின் அடியை ஒரு மூலைக்குச் சாய்த்து, அங்கே ஒரு அங்குலக் குழாய் வைத்து, கயிறு கட்டின அடைப்பான் போடுங்கள். குழாய் போட்டின் உள்ளேயே திறக்கட்டும், அங்கிருந்து வாளியால் இறைக்கலாம். போட்டின் பக்கத்தைத் துளைத்து வெளியே விடலாம் என்று சிலர் சொல்வார்கள், பாரம் ஏறினதும் அந்தத் துளை தண்ணீர் மட்டத்துக்கு வந்துவிடும், அது வேண்டாம். அடியில் இரண்டு அங்குல உயரத்தில் பிளாஸ்டிக் தட்டி ஒன்றைப் போட்டால் மீன் தண்ணீரில் படாது.

மூடிக்கும் 50 மில்லிமீற்றர் ஃபோம் வேண்டும், ஓரம் பெட்டிக்கு மேலாக இறங்கி மூடுகிறமாதிரி இருக்கவேண்டும். ஓரத்துக்குப் பழைய டியூப் ரப்பரை நீளமாக வெட்டி ஒட்டலாம், பழைய வாகனச் சாமான் விற்கிற பஞ்சிகாவத்தையில் கேட்டால் கிடைக்கும். பிணைச்சலை அணியப் பக்கம் போடுங்கள், ஓடும்போது எதிர்க்காற்று மூடியைக் கிளப்பாது. திறந்து வைக்கிறபோது விரலில் விழாமலிருக்க ஒரு கயிறு கட்டி வையுங்கள். ஆள் உட்காருகிற மூடி என்பதால் உள்ளே 12 மில்லிமீற்றர் பலகை.

மற்றச் சாமான்களுக்குப் பெரிய வேலை தேவையில்லை. வாய் இறுக்கி மூடுகிற 30 லிட்டர் நீலப் பீப்பாய் இரண்டை அணியத்தில் பட்டியால் இறுக்கிக் கட்டினால் ஃபோன், டோர்ச், உடுப்பு, சாப்பாடு நனையாது, அவையும் மிதக்கும். கொடிக்கம்புக்கும் துடுப்புக்கும் 3 அங்குலப் பிவிசி குழாய்த் துண்டுகளைப் பக்கச் சுவரில் ஃபைபரால் ஒட்டலாம். வலைக்குப் பெட்டிக்கும் பின் பலகைக்கும் நடுவே தட்டி அடித்தால் காலில் சிக்காது. எண்ணெய், பெற்றோல் கேன்களை மூடின அறைக்குள் வைக்காதீர்கள், பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரம், கீழே தங்கி நிற்கும், ஒரு பொறி போதும். திறந்த இடத்தில், நகராதபடி கட்டி வையுங்கள். உயிர்காப்பு அங்கி எந்தப் பெட்டிக்குள்ளும் போகக் கூடாது, உடம்பில்தான். போட்டின் பதிவு இலக்கம் எங்கேயும் மறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வேலை தொடங்க முன்னர் உங்கள் பகுதிக் கடற்றொழில் பரிசோதகரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

எல்லாம் முடிந்து கடலுக்குப் போக முன்னர், துறைமுகத்துக்குள் இடுப்பளவு தண்ணீரில் வைத்து போட்டை நிறையுங்கள். எஞ்சினைக் கழற்றிவிட்டு அதே பாரத்துக்கு மண்மூட்டையை அந்த இடத்தில் கட்டி, பெட்டி மூடியைத் திறந்து, வாளியால் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். மாமா இதைச் செய்ய வேண்டாம் என்றார், நல்ல போட்டை ஏன் தாழ்க்கிறாய் என்று கேட்டார். நிறைந்த பிறகு விளிம்பு தண்ணீரோடு தண்ணீராக நின்றது, அணியமும் பின்பக்கமும் ஒரே மட்டம். நான் ஏறி நடுவில் நின்றேன், முழங்கால் வரை தண்ணீர், போட் காலுக்குக் கீழேயே இருந்தது. பிறகு மாமாவும் ஏறினார். அவர் ஒன்றும் சொல்லவில்லை, குனிந்து வாளியை எடுத்து இறைக்கத் தொடங்கினார்.